ஊமத்தை: மருந்தும் நஞ்சும்

முன்னுரை

யாரும் விதைப்பதில்லை, யாரும் நீர் ஊற்றுவதில்லை. ஆயினும் குப்பைமேட்டிலும், பாழ்மனையிலும், வாய்க்காற்கரையிலும், சாலையோரத்திலும் செழித்து வளர்ந்து, மாலைப்பொழுதில் வெண்மையான நீண்ட குழற்பூவை விரித்து நிற்கிறது ஊமத்தை. அதன் கெட்ட வாடையால் ஆடுமாடுகள் பெரும்பாலும் அதனைத் தீண்டாமல் ஒதுங்கிச் செல்கின்றன. மனிதன் மட்டுமே அதனை நாடிச் சென்றிருக்கிறான். நோய் தீர்க்க நாடியவரும் உண்டு. பிறரைக் கெடுக்க நாடியவரும் உண்டு. அறியாமல் தின்று அல்லற்பட்டவரும் உண்டு.

இச்செடியைப் பற்றி மக்களிடையே இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. 'பாட்டி வைத்தியத்தில் உள்ளதுதானே, அதனால் என்ன தீங்கு வரும்?' என்பார் ஒரு சாரார். 'நச்சுச் செடியை மருந்தென்றது முன்னோரின் அறியாமை' என்பார் மறுசாரார். இவ்விரு கருத்துகளும் முழுமையானவை அல்ல. நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்றது செடியின் பெயரை மட்டுமன்று. அதனைக் கையாளும் நெறியையும் சேர்த்தே விட்டுச்சென்றனர். நெறி மறைந்து பெயர் மட்டும் எஞ்சும்போதுதான் மருந்து நஞ்சாகிறது. இவ்வுண்மையைச் சொல்லாராய்ச்சி, மருத்துவ வரலாறு, அறிவியல் என்னும் மூன்று வழிகளிலும் இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் பெயர்க் காரணமும்

ஊமத்தை, ஊமத்தம், உன்மத்தம், மத்தம் எனத் தமிழில் இதற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. உன்மத்தம் என்னும் வடசொல் பித்து, வெறி, அறிவு மயக்கம் எனப் பொருள்படும். 'அவனுக்கு உன்மத்தம் பிடித்துவிட்டது' என்னும் பேச்சு வழக்கு இன்றும் உண்டு. ஊமத்தை என்னும் பெயர் இச்சொல்லோடு தொடர்புடையது. ஒரு செடிக்கு அதன் பூவின் நிறத்தாலோ இலையின் வடிவத்தாலோ பெயரிடுவது இயல்பு. இச்செடிக்கோ, அது மனித உடலில் புகுந்தால் விளைவிக்கும் கேட்டினாலேயே பெயர் அமைந்துள்ளது. இச்செடியின் நஞ்சு தலைக்கேறியவரிடம் காணப்படும் முதன்மையான குறி அறிவு மயக்கமே என்று இன்றைய மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அதனை ஒரே சொல்லில் பொதிந்து, எழுத்தறியாதவரும் உணருமாறு எச்சரிக்கைப் பலகையாக நட்டுவைத்தனர் நம் முன்னோர் எனலாம்.

சிவபெருமான் சூடும் மலர்களுள் ஒன்றாக மத்தம் தேவாரப் பாடல்களில் பலவிடத்தும் பேசப்படுகிறது. கொன்றையோடும் பிறையோடும் சேர்த்துச் சொல்லப்படும் அம்மலர், பிறர் விரும்பிச் சூடாத மலர் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

பூவின் நிறங்கொண்டு வெள்ளூமத்தை, கரூமத்தை எனப் பிரிப்பது வழக்கம். கரூமத்தையின் தண்டும் பூவின் புறமும் கருஞ்சிவப்பு அல்லது ஊதா நிறம் பெற்றிருக்கும். இவ்விரண்டும் தாவரவியலார் டாட்டூரா மெடெல் என்றழைக்கும் ஒரே இனத்தின் வகைகளாகும். மருளூமத்தை என்று ஒரு செடியும் உண்டு. பெயர் ஒத்திருப்பினும் அது வேறு குடும்பத்தைச் சார்ந்த வேறு செடி. அதுவும் நச்சுத்தன்மை உடையதே. பெயரை மட்டும் நம்பி மூலிகை பறிப்பது எத்துணை இடருடையது என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று.

செடியின் இயல்பு

ஊமத்தை, கத்தரிக் குடும்பத்தைச் சார்ந்தது. நாம் நாள்தோறும் உண்ணும் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, சுண்டை ஆகியவையும், மூலிகைகளாகப் போற்றும் தூதுவளை, மணத்தக்காளி, அமுக்கரா ஆகியவையும் இதன் உறவுகளே. ஒரே குடும்பத்தில் உணவும் மருந்தும் நஞ்சும் ஒருங்கே பிறந்திருப்பது வியப்பிற்குரியது.

ஓர் ஆள் இடுப்பளவு முதல் மார்பளவு வரை வளரும் இச்செடியின் இலைகள் அகன்றவை. இலையின் அடிப்பகுதி இருபுறமும் ஒத்திராமல் ஏறியும் இறங்கியும் இருக்கும். பூ, கூம்பு வடிவக் குழலாக நீண்டு அந்தியில் விரியும். இரவில் பறக்கும் விட்டிற்பூச்சிகள் அதில் தேன் அருந்தி மகரந்தத்தைப் பரப்பும். காய் உருண்டையாகவும், மேலெல்லாம் முட்கள் போன்ற முனைகள் உடையதாகவும், தலை சாய்ந்தும் காணப்படும். முற்றியபின் ஒழுங்கின்றி வெடித்து எண்ணற்ற தட்டையான விதைகளைச் சிந்தும்.

இவ்விதைகள் மிளகாய் விதைகளை ஒத்திருப்பதால் குற்றவியல் மருத்துவம் பயிலும் மாணவர்க்கு இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் முறை தனிப்பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. ஊமத்தை விதை சற்றுப் பெரியது, சிறுநீரக வடிவினது, மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் உடையது, கசப்பானது. மிளகாய் விதை மஞ்சள் நிறமும் காரமும் உடையது, மேற்பரப்பு வழவழப்பாயிருக்கும். விதையை நீளவாக்கில் பிளந்து நோக்கின், ஊமத்தையின் கரு வெளிநோக்கி வளைந்தும், மிளகாயின் கரு உள்நோக்கி வளைந்தும் காணப்படும். இத்துணை நுட்பமான பாடம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கடல் கடந்த பெயர்

1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயஸ் இச்செடிக்கு டாட்டூரா மெடெல் எனப் பெயரிட்டார். இப்பெயரின் முதற்பகுதி, தத்தூரம் என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. இரண்டாம் பகுதியாகிய மெடெல், 'ஜவ்ஸ் மாதில்' என்னும் அரபுப் பெயரின் திரிபு. ஜவ்ஸ் என்றால் கொட்டை என்று பொருள். இந்தியச் சொல் ஒன்றும் அரபுச் சொல் ஒன்றும் இணைந்து ஐரோப்பிய அறிவியலில் குடிபுகுந்த வரலாறு இப்பெயரில் அடங்கியுள்ளது. 'மத்தம்' என்பதும் 'மெடெல்' என்பதும் ஒலியால் நெருங்கியிருப்பது கண்டு இரண்டும் ஒரே வேரினவென்று மாணவர் மயங்குதல் கூடாது. ஒலி ஒப்புமை மட்டுமே கொண்டு சொற்பிறப்புக் காட்டுதல் ஆராய்ச்சி நெறியன்று.

கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு சீனா, தம் 'அல்கானூன் ஃபித் திப்' என்னும் பெருநூலின் இரண்டாம் பகுதியில் தனிமருந்துகளைத் தொகுத்துரைக்கும்போது ஜவ்ஸ் மாதிலையும் குறித்து, மயக்கந்தரும் நஞ்சென்று எச்சரிக்கிறார். அவர் காலத்தவரான அல்பிரூனியும் தம் மருந்தியல் நூலில் இதனைக் குறித்துள்ளார். யூனானி மருத்துவம், மருந்தின் குணத்தை நான்கு படிகளாகப் பகுக்கும். முதற்படி மென்மையானது, நான்காம் படியோ உயிருக்கு ஊறு செய்யும் நஞ்சுகளுக்கு உரியது. எந்தப் பொருள் எந்தப் படியினது என்று அறியாமல் மருந்து கொடுத்தல் கூடாது என்பதே இப்பகுப்பின் நோக்கம்.

ஊமத்தை இனத்தின் நெருங்கிய உறவுச் செடிகள் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்தைச் சார்ந்தவை. எனவே கொலம்பசின் பயணத்திற்குப் பின்னரே ஊமத்தை கீழை நாடுகளுக்கு வந்திருக்கக்கூடும் என்று கருதியோர் உண்டு. 2007ஆம் ஆண்டில் கீதா, கரைபே என்னும் இரு ஆய்வாளர்கள் வடமொழி நூல்கள், அரபு நூல்கள், சிற்பங்கள் ஆகியவற்றின் சான்றுகளைத் திரட்டி, கொலம்பசுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இச்செடி இங்கு அறியப்பட்டிருந்தது என்று வாதிட்டனர். ஒரு செடியின் வரலாற்றை முடிவு செய்யப் பழைய நூல்களைப் பயிலும் மொழி மாணவனும் தேவைப்படுகிறான் என்பது தமிழ்த்துறையினராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

மரபு மருத்துவத்தில் ஊமத்தை

சித்த மருத்துவத்தில் ஊமத்தை பெரும்பாலும் புறமருந்தாகவே ஆளப்பட்டுள்ளது. இலையை எண்ணெயில் வதக்கி வீக்கத்திற்கும் மூட்டு வலிக்கும் ஒற்றடமிடுதல், கட்டிகளுக்குப் பற்றிடுதல், தாய்மாரின் பால்கட்டிய வீக்கத்திற்கு இலையை வாட்டிக் கட்டுதல் ஆகியவை நாட்டு வழக்குகள். இலைச்சாற்றைத் தேங்காயெண்ணெயோடும் துருசு முதலிய சரக்கோடும் சேர்த்துக் காய்ச்சப்படும் மத்தன் தைலம் ஆறாத புண்களுக்குப் பூசும் மருந்தாகச் சித்த மருத்துவரிடையே புகழ்பெற்றது. உள்மருந்தில் விதை சேருமிடத்து, முறைப்படி சுத்தி செய்யாமல் சேர்க்கலாகாது என்பது மருத்துவ மரபு. சுத்தி என்பது நச்சுச் சரக்கின் கொடுமையைத் தணிக்கும் பக்குவமாகும். குருவிடம் இருந்து பழகாதவனுக்கு அப்பக்குவம் கைவராது.

உலர்ந்த இலையைக் கொளுத்தி அதன் புகையை உள்ளிழுத்தால் இரைப்பு தணியும் என்பதும் தென்னாட்டுப் பட்டறிவே. இதனைச் சென்னையில் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார் அறிந்திருந்தார். அவர்வழி அறிந்த ஜெனரல் ஜெண்ட் என்னும் படைத்தலைவர் 1802ஆம் ஆண்டில் இவ்வழக்கத்தை இங்கிலாந்திற்கு எடுத்துச் சென்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஊமத்தை இலை அடைத்த ஆஸ்துமாச் சுருட்டுகள் மேனாடுகளில் விற்பனையாயின. இன்று இரைப்பு நோயாளர் உறிஞ்சிகளில் பயன்படுத்தும் இப்ராட்ரோபியம், டியோட்ரோபியம் ஆகிய மருந்துகள் ஊமத்தையிலுள்ள அட்ரோபின் என்னும் பொருளின் வழிவந்தவையே. சென்னைப் புகையில் தொடங்கிய அறிவு, அளவிட்ட மருந்தாக முதிர்ந்து மீண்டும் நம்மிடமே வந்துள்ளது.

ஜப்பான் நாட்டில் ஹனவோகா செய்ஷூ என்னும் அறுவை மருத்துவர், ஊமத்தையும் வேறு நச்சு மூலிகைகளும் சேர்ந்த மயக்க மருந்தை உருவாக்கி, 1804ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் மார்பகப் புற்றுநோய் கண்ட மூதாட்டி ஒருவருக்கு வலி தெரியாமல் அறுவை செய்தார். அமெரிக்காவில் ஈதர் மயக்க மருந்து உலகறியக் காட்டப்பட்டதோ 1846ஆம் ஆண்டில்தான். ஆயின் இவ்வெற்றிக்கு அவர் குடும்பம் கொடுத்த விலை பெரிது. மருந்தின் அளவை அறியும் சோதனைக்குத் தம்மை ஒப்புவித்த அவர் மனைவி பார்வை இழந்தார் என்பது வரலாறு. ஊமத்தையின் அளவை அறிவது எத்துணை அரிது என்பதற்கு இதனினும் உருக்கமான சான்று வேறில்லை.

நம் மாநிலத்து அறிஞர் ஒருவரையும் இங்கு நினைவுகூர வேண்டும். சென்னை திருவல்லிக்கேணி மருத்துவமனையில் பணியாற்றிய முகையதீன் ஷெரீப், 1869ஆம் ஆண்டில் இந்திய மருந்து நூலுக்கு ஓர் இணைப்பு நூல் எழுதினார். அரபு, பாரசீகம், தக்கனி, தமிழ், தெலுங்கு முதலிய பல மொழிகளில் மருந்துச் சரக்குகளின் பெயர்களை ஒப்பிட்டுத் தொகுத்தது அந்நூல். ஒரு மொழியின் பெயர் மற்றொரு மொழியில் வேறு செடியைக் குறிக்குமாயின், கடைக்காரன் தரும் சரக்கு மாறிவிடும். சரக்கு மாறினால் உயிருக்கே கேடு. சொல்லைத் திருத்தமாக ஆள்வது உயிர் காக்கும் தொண்டாகவும் அமையும் என்பதற்கு அப்பெருமகனாரின் உழைப்பு சான்று பகர்கிறது.

நஞ்சு செயற்படும் விதம்

ஊமத்தையின் வேர், தண்டு, இலை, பூ, காய், விதை ஆகிய எல்லா உறுப்புகளிலும் நஞ்சு உண்டு. அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் ஆகியவை அந்நஞ்சின் முதன்மைக் கூறுகள். 1833ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலார் கெய்கர், ஹெஸ்ஸே ஆகியோர் இவ்வகைப் பொருள்களை இக்குடும்பச் செடிகளிலிருந்து பிரித்து அறிவித்தனர்.

நம் உடலில் நரம்புகள் உறுப்புகளுக்கு ஆணையிடும்போது அசிட்டைல்கோலின் என்னும் பொருளைத் தூதாக அனுப்புகின்றன. உமிழ்நீர் சுரத்தல், வியர்த்தல், கண்மணி சுருங்குதல், குடல் அசைதல், சிறுநீர் கழிதல் ஆகியவை அத்தூதினால் நிகழ்வன. தூதன் வந்து தட்டும் வாயிலை ஊமத்தை நஞ்சு முன்னரே அடைத்துக்கொள்கிறது. எனவே வாய் உலர்கிறது, விழுங்க இயலாமற் போகிறது, குரல் கம்முகிறது, வியர்வை நின்று உடல் கொதிக்கிறது, முகம் சிவக்கிறது, கண்மணி விரிந்து பார்வை மங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, சிறுநீர் கட்டுகிறது. நஞ்சு மூளையை எட்டியதும் இல்லாதவை தோன்றுகின்றன, நோயாளி தமக்குள் பேசுகிறார், தள்ளாடி நடக்கிறார், ஆடையையும் படுக்கையையும் பிய்க்கிறார், விரல் நுனியிலிருந்து காணாத நூலை இழுப்பதுபோல் செய்கிறார். கடுமை மிகுந்தால் வலிப்பும் ஆழ்மயக்கமும் மூச்சடைப்பும் வந்து உயிர் பிரியலாம்.

இக்குறிகளைக் காணும் வீட்டார், 'பேய் அறைந்தது', 'காற்று அண்டியது', 'யாரோ செய்வினை செய்துவிட்டனர்' என்று கருதி மந்திரிக்க அழைத்துச் செல்வது இன்றும் சிற்றூர்களில் நிகழக்கூடியதே. அவ்வாறு கழியும் ஒவ்வொரு மணிநேரமும் நோயாளியின் உயிரிலிருந்து கழிவதாகும். நல்ல நிலையிலிருந்த ஒருவர் திடீரெனப் பிதற்றத் தொடங்கினால், அவருடைய வாய் உலர்ந்திருக்கிறதா, கண்மணி விரிந்திருக்கிறதா, உடல் வியர்வையின்றிக் கொதிக்கிறதா என்று பாருங்கள். இம்மூன்றும் இருப்பின் நஞ்சு என்று ஐயுற்று உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

வழிப்போக்கரும் வஞ்சகரும்

1563ஆம் ஆண்டில் கோவாவில் வெளியான கார்சியா டா ஓர்ட்டா என்னும் போர்த்துக்கீசிய மருத்துவரின் நூலிலேயே, திருடர்கள் இச்செடியை உணவில் கலந்து கொடுத்துப் பொருளைக் கவரும் வழக்கம் குறிக்கப்பட்டுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுஞ்சாலைகளிலும் சத்திரங்களிலும் வழிப்போக்கரோடு நட்புப் பூண்டு, உணவிலே ஊமத்தை விதைத்தூளைக் கலந்து கொள்ளையிட்டோர் பலர் இருந்தனர். மயக்கம் தெளிந்தவருக்கு நடந்தது நினைவில் இராது. ஆதலால் சாட்சி சொல்ல ஆள் இல்லை. நார்மன் செவர்ஸ் 1856ஆம் ஆண்டில் இந்தியாவிற்கென எழுதிய மருத்துவ நீதிநூல் இக்குற்றத்தை விரிவாக ஆராய்ந்தது. மிளகாய் விதையையும் ஊமத்தை விதையையும் வேறுபடுத்தும் பாடம் நிலைபெற்றதன் காரணம் இதுவே. நஞ்சுண்டவரின் சிறுநீரில் ஒரு துளியைப் பூனையின் கண்ணிலிட்டு, அதன் கண்மணி விரிகிறதா என்று பார்க்கும் சோதனையும் அக்காலத்தில் கையாளப்பட்டது.

வஞ்சகம் இல்லாமலே நேரும் கேடுகளும் உண்டு. 2019ஆம் ஆண்டில் உகாண்டா நாட்டில் உதவிப்பொருளாக வழங்கப்பட்ட சத்துமாவில் ஊமத்தை இன விதைகளின் நஞ்சு கலந்திருந்ததால் ஏறத்தாழ 300 பேர் நோயுற்றனர், ஐவர் உயிரிழந்தனர். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவில், கீரை வயலில் களையாக வளர்ந்த ஊமத்தை இனச் செடி கீரையோடு கலந்து விற்பனைக்குச் சென்றதால் பலர் மருத்துவமனையை நாடினர். எந்திரங்களும் ஆய்வுக்கூடங்களும் மிகுந்த இக்காலத்திலும் களை பிடுங்காத வயல் ஆபத்தானதே. சமைப்பதால் இந்நஞ்சு முற்றிலும் அழிந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு.

அளவு என்னும் நெறி

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் ஆராய்ந்து செயற்பட வேண்டும் என்கிறார். இம்மூன்று அளவுகளையும் ஊமத்தையோடு பொருத்திப் பார்த்தல் தகும்.

முதலாவது, நோயாளியின் அளவு. வலுவான ஓர் ஆண் தாங்கும் மருந்தைக் குழந்தையின் உடல் தாங்காது. கண்ணழுத்த நோய் உடையவருக்கு இப்பொருள் பார்வையைப் பறிக்கக்கூடும். புராஸ்டேட் சுரப்பி வீங்கிய முதியவருக்குச் சிறுநீரை அடைத்துவிடும். இதயநோயாளிக்குத் துடிப்பை மிகுவிக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நலம் தந்த வைத்தியம் நமக்கும் நலம் தரும் என்பது இங்குப் பொருந்தாது.

இரண்டாவது, நோயின் அளவு. மூச்சுத்திணறல் என்பது ஒரு குறியே. அது நுரையீரலிலிருந்தும் வரலாம், இதயத்திலிருந்தும் வரலாம். காரணம் அறியாமல் புகை பிடிப்பது இருளில் அம்பெய்வது போன்றதாகும்.

மூன்றாவது, காலம். நாய்க்கடிக்கு ஊமத்தை கொடுக்கும் வழக்கம் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. வெறிநோய்க்கு வேறு வழியே இல்லாதிருந்த காலத்து முயற்சி அது. 1885ஆம் ஆண்டில் பாஸ்டர் வெறிநோய்த் தடுப்பு மருந்தை மனிதனுக்குச் செலுத்தி வழி கண்டார். 1907ஆம் ஆண்டில் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் தொடங்கப்பெற்றது. குறிகள் தோன்றிய பின் வெறிநோயிலிருந்து தப்பியோர் மிக மிக அரியர். எனவே நாய் கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி போட்டுக்கொள்வதே இக்காலத்திற்குரிய நெறி. ஊமத்தைச் சாற்றை நம்பித் தடுப்பூசியைத் தவிர்ப்பவர் இரண்டு நஞ்சுகளுக்கு இடையே நிற்கிறார்.

இவற்றோடு நான்காவதாகச் செடியின் அளவு ஒன்றும் உண்டு. ஊமத்தையின் நஞ்சு எல்லாச் செடியிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. மண், பருவம், செடியின் வயது, உறுப்பு ஆகியவற்றால் மிகவும் வேறுபடும். ஒரே தோட்டத்தில் நிற்கும் இரு செடிகளின் இலைகளும் ஒத்த வலிமை உடையனவல்ல. 'இத்தனை இலை', 'இத்தனை விதை' என்று எழுதிய குறிப்பு எத்துணைப் பழமையானதாயினும், அதனை எழுதியவரின் கைப்பழக்கம் நம்மிடம் இல்லாதபோது அது நமக்கு உதவாது.

இந்நெறியைச் சட்டமும் ஏற்றுள்ளது. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளில், சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய முறைகளின் நச்சுச் சரக்குகள் ஒரு தனி அட்டவணையில் தொகுக்கப்பட்டுள்ளன. ஊமத்தையும் அதில் உண்டு. இச்சரக்குகள் சேர்ந்த உள்மருந்தின் உறைமீது, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவருக்கு அவ்வெச்சரிக்கையைப் படித்துச் சொல்லும் கடமை வீட்டிலுள்ள படித்த பிள்ளைகளுக்கு உரியது.

நஞ்சுக்கு நஞ்சு

ஊமத்தையை வெறுத்து ஒதுக்கிவிடுவதும் அறிவுடைமையன்று. பூச்சிக்கொல்லி குடித்து உயிருக்குப் போராடும் உழவர் பெருமக்கள் நம் நாட்டு அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்படுகின்றனர். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி, மேலே கூறிய அசிட்டைல்கோலின் என்னும் தூதை உடலில் அளவுகடந்து பெருகச் செய்கிறது. வாயில் நுரை தள்ளி, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டும் அந்நிலையில் மருத்துவர் முதலில் நாடும் மருந்து அட்ரோபின்தான். வாயிலை அடைக்கும் அதன் குணமே அங்கு உயிர் காக்கும் குணமாகிறது.

அவ்வாறே ஊமத்தை நஞ்சுண்டவருக்கு மாற்றாக மருத்துவர் சில வேளைகளில் கொடுக்கும் பைசோஸ்டிக்மின் என்பதும் ஆப்பிரிக்க நாட்டு நச்சு அவரை ஒன்றிலிருந்து கிடைத்ததே. ஒரு நஞ்சு மற்றொரு நஞ்சை முறிக்கிறது. ஆயின் இவையனைத்தும் மில்லிகிராம் கணக்கில், நாடித்துடிப்பைப் பார்த்துப் பார்த்துச் செய்யப்படுவன என்பதை மறத்தல் கூடாது.

நாம் செய்யத்தக்கவை

ஊமத்தை நஞ்சு என்று ஐயம் எழுந்தால் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

1. நோயாளியை வாந்தியெடுக்கச் செய்ய முயலக் கூடாது. மயங்கியவருக்கு நீர், பால், மோர், புளிக்கரைசல் எதனையும் புகட்டலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

2. 108 ஊர்தியை அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தின்ற காயோ விதையோ இலையோ எஞ்சியிருப்பின் உடன் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

3. பிதற்றுபவரை அடிக்கவோ கட்டிப்போடவோ கூடாது. அவர் கிணற்றிலோ நெருப்பிலோ விழாமல் காத்து, நிழலில் வைத்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்து வெப்பத்தைத் தணிக்க வேண்டும்.

4. ஊமத்தையைப் பிடுங்கிய கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. அந்தக் கண்ணின் மணி விரிந்து பார்வை மங்கும். பிடுங்கியபின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும்.

5. பல கீரைகளைக் கலந்து பறிப்போரும், களத்தில் தானியம் தூற்றுவோரும் ஊமத்தை கலவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுவர் விளையாடும் இடத்திலும் பள்ளி வளாகத்திலும் காய் முற்றுமுன் செடியைக் களைந்துவிடுதல் நன்று.

6. உதகையிலும் கொடைக்கானலிலும் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படும், பூ தலைகீழாகத் தொங்கும் செடியும் ஊமத்தையின் நெருங்கிய உறவே; அதே நஞ்சை உடையதே. சுற்றுலா செல்லும் மாணவர் அதன் பூவைப் பறித்து வாயில் வைத்தலாகாது.

முடிவுரை

ஊமத்தை நன்செடியுமன்று, தீச்செடியுமன்று. அதனை நன்மையாக்குவதும் தீமையாக்குவதும் அதனை அணுகும் மனிதனின் அறிவே. மூலிகைகளைப் பற்றி அரைகுறையான குறிப்புகள் கைக்குக்கை மாறிப் பரவும் காலம் இது. நூறு குறிப்புகளுள் ஒன்றில் ஊமத்தை இருந்து, அதனைப் படித்தவர் இரவோடிரவாக அதனை ஒரு குழந்தைக்குப் புகட்டிவிட்டால் அத்தீங்கிற்கு ஈடு செய்ய இயலாது.

எனவே நம் மாணவர்களை ஒரு பணிக்கு அழைக்கிறோம். உங்கள் ஊரில் மூலிகை அறிந்த முதியோர் இருப்பின் அவர்களிடம் சென்று அமருங்கள். எந்தச் செடி எந்த நோய்க்கு என்று மட்டும் கேட்டு எழுதாதீர்கள். யாருக்குக் கொடுக்கக் கூடாது, எப்போது கொடுக்கக் கூடாது, மிகுந்தால் என்ன நேரும், அதற்கு மாற்று என்ன என்பவற்றையும் கேட்டு எழுதுங்கள். அவ்வாறு எழுதியதை மருந்தாகக் கையாளாமல் ஆவணமாகப் பேணுங்கள். முறையாகப் பயின்ற சித்த, யூனானி மருத்துவரிடமும் தாவரவியல் ஆசிரியரிடமும் காட்டிச் சரிபாருங்கள். பெயரோடு நெறியையும் சேர்த்துக் காக்கும்போதுதான் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் முழுமையாக நம்மிடம் வந்து சேர்ந்ததாகும்.